ராணியைக் கொன்றால் கூடு காலியாகாது, சார்

ஓர் அடுக்ககத்தின் ஏழாவது மாடி சன்ஷேடில் இருந்த தேன்கூட்டை இரவில் பந்தம் வைத்துக் கலைத்த அந்த வீடியோவைப் பற்றி இனிமேல் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று அந்த அடுக்ககச் செயலாளரின் விளக்கம் வாட்ஸப்பில் சுற்றி வந்தது: "ராணியைக் கொன்னுட்டா மத்ததெல்லாம் தானா போயிடும்னு சொன்னாங்க, அதான் பந்தம் வச்சோம்." யார் சார் சொன்னது?

ராணித் தேனீக்குக் கூட்டில் அதிகாரமே கிடையாது. முட்டையிடும், தான் இருப்பதை உடல் வாசனையால் தெரிவிக்கும், அவ்வளவுதான். எங்கே குடியேறுவது என்பதைக்கூட வேவு பார்த்து வரும் வேலைக்காரத் தேனீக்கள்தான் நடனமாடி முடிவு செய்கின்றன. தேனீ ஆய்வாளர் தாமஸ் சீலி இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ராணி கூட்டத்தோடு பறக்கும், கூட்டத்தை நடத்தாது.

சரி, ராணி செத்தால்? பெட்டித் தேனீ வளர்ப்பவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். சில மணி நேரத்தில் கூட்டுக்குத் தெரிந்துவிடும். மூன்று நாளுக்குட்பட்ட புழுக்கள் சிலவற்றின் அறையை அகலமாக்கி, வேலைக்காரத் தேனீக்கள் சுரக்கும் அரசக்கூழையே ஊட்டி, வேறு ராணியை வளர்த்துக்கொள்ளும். இத்தாலியத் தேனீயில் முட்டையிலிருந்து ராணி வெளிவர 16 நாள். தகுந்த புழு இல்லையென்றால் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடும். கருவுறாத முட்டை, ஆண் மட்டுமே பிறக்கும், கூட்டம் வாரக்கணக்கில் மெல்லத் தேயும். மறுநாள் காலையில் மூட்டை கட்டிக்கொண்டு எதுவும் கிளம்பாது.

அடுத்த மேதாவித்தனம், இரவு நேரம். "ராத்திரி பறக்காது" என்றார்களாம். உங்கள் சன்ஷேடில் இருந்தது மலைத்தேனீ. நிலா வெளிச்சத்தில் இரைதேடவே போகிற இனம். தீயில் கலைந்தால் விளக்கு எரிகிற பால்கனிக்குத்தான் வரும். வந்தது.

கொட்டிய தேனீயின் கொடுக்கு நச்சுப்பையோடு அறுந்து தோலில் தங்கும். அங்கிருந்து வாழைப்பழ வாசனை அடிக்கிற எச்சரிக்கைப் பொருள் பரவும், அடுத்தது அதே இடத்தைத் தேடி வரும். கொடுக்கை எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம். இதமான புகை அந்த வாசனையை மறைக்கும், தேனீயும் தேனைக் குடித்துவிட்டு மந்தமாகும். நீங்கள் காட்டியது புகையா? மண்ணெண்ணெய்த் தீ.

"குழந்தைக்குக் கொட்டினா நீ வருவியா?" என்கிறார்கள். நியாயமான பயம். ஒவ்வாமை இருந்தால் ஒரே கொட்டில் உயிர் போகலாம், மூச்சுத் திணறினால் 108தான். அதனால்தான் சொல்கிறேன், கலைக்காதீர்கள். அந்தப் பக்க ஜன்னலை மூடுங்கள், இரவில் விளக்கை அணையுங்கள், கல் எறிய விடாதீர்கள். அவசரமென்றால் உடையும் முகவலையும் வைத்திருக்கும் ஆளை வரவழையுங்கள். இல்லையென்றால் பருவம் மாறும்போது அடையை விட்டுவிட்டுத் தானே போய்விடும். அதே இடத்துக்குத் திரும்பி வருகிற பழக்கம் உண்டு. ஆகவே போனதும் அடையைச் சுரண்டி, மெழுகைத் தேய்த்துக் கழுவி, வலை அடியுங்கள்.

"பூச்சிக்கு வக்காலத்து வாங்கும் கோஷ்டி" என்று ஒருவர். வாங்கினால் என்ன? இன்னொருவர் பரிணாம உயிரியலாளர் ஹாமில்டனின் 1964 கட்டுரையை எனக்கே பாடம் எடுக்கிறார். சகோதரிகளுக்குள் முக்கால் பங்கு மரபு ஒன்று, அதனால்தான் வேலைக்காரத் தேனீக்கள் தாம் முட்டையிடாமல் கூட்டுக்காக உழைக்கும் தியாகமாம். தந்தை ஒன்றாக இருந்தால்தான் சார் அந்த முக்கால். தேனீ ராணி பல ஆண்களோடு கூடுகிறது. கரையானில் அந்தக் கணக்கே கிடையாது, ஆனாலும் வேலைக்காரர்கள் உண்டு. பெங்களூரில் ராகவேந்திர கடக்கர் ஆராய்ந்த ரோபாலிடியா குளவியில் ராணிதான் படு சாது. அதை எடுத்துவிட்டால் ஒரு வேலைக்காரக் குளவி சில நிமிடங்களில் சீறத் தொடங்கி, பிறகு ராணியின் இடத்துக்கு வருகிறது. அங்கேயும் யாரும் யாருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருக்கவில்லை.

உத்தரவு போட ஒருவர், கொட்டு வாங்க ஒருவர் என்பது நம் அடுக்ககங்களில்தான். வீடியோவை மறுபடி பாருங்கள். பந்தம் பிடித்தது செயலாளர் இல்லை, வாட்ச்மேன் அண்ணன். கையுறை இல்லை, முகத்தில் ஒரு துண்டு. கீழே நின்று "இன்னும் கொஞ்சம் மேல, மேல" என்று கத்தும் குரல் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். "அவரே விருப்பப்பட்டு ஏறினார்" என்று விளக்கத்தின் கடைசி வரியில் இருக்கிறது. அவருடைய ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டினீர்கள்? ராணியைப் பற்றி ஃபார்வர்டு போட்ட அதே குழுவில் அந்த ரசீதையும் போடுங்கள்.