ஸ்லீப்பிங் பேக்கின் ‘எக்ஸ்ட்ரீம்’ எண் எதைக் குறிக்கிறது?
குளிரில் உள்ளே புகுந்து உறங்கும் பையான ஸ்லீப்பிங் பேக்கில் ‘எக்ஸ்ட்ரீம்’ என அச்சிட்டுள்ள வெப்பநிலை வரை அதில் நிம்மதியாக உறங்கலாம் என்று ஒரு கருத்து பகிரப்படுகிறது. அன்புகூர்ந்து அதை நம்பிப் பனிமலையில் திறந்தவெளியில் இரவு தங்க வேண்டாம். ஸ்லீப்பிங் பேக்குகளுக்கான ஐ.எஸ்.ஓ. 23537 என்ற சர்வதேசத் தரநிலையின்படி அந்த எண், சராசரி உடலமைப்புள்ள ஒரு பெண் 6 மணி நேரம் உயிர் தப்பக்கூடிய எல்லையை மட்டுமே குறிக்கிறது. உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைவதும், விரல்கள் உறைபனியால் பாதிக்கப்படுவதும் அந்த எல்லைக்குள்ளேயே நேரலாம். இயல்பாகப் படுத்து உறங்குவதற்கான அளவு ‘கம்ஃபர்ட்’ எண்ணே ஆகும். அதுவும் அடியில் பாய் விரித்துச் சோதிக்கப்பட்ட அளவு என்பதால், நல்ல பாய் இல்லாவிட்டால் அந்த எண்ணும் பொருந்தாது. பையில் தைத்துள்ள சீட்டிலோ தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலோ இரண்டு எண்களையும் நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் அவற்றுக்கிடையே 20 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ வேறுபாடு இருக்கும்.