முதல்ல அந்த அலமாரியத் தொறங்க

நம்ம மொரீசியஸ் பிள்ளைங்க தமிழ்ப் புத்தகத்தத் தொடவே மாட்டேங்குதுன்னு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இதே புலம்பல்தான். ஏங்க, தொடுற மாதிரியா வச்சிருக்கோம்? நான் பாத்த ஸ்கூல் லைப்ரரிங்கள்ல பிரெஞ்சு காமிக்ஸ் எல்லாம் ஸ்டாண்டுல முகத்தக் காட்டிக்கிட்டு நிக்குது, தமிழ் மட்டும் கண்ணாடி அலமாரிக்குள்ள, பூட்டு வேற, அதுவும் காக்கித் தாள்ல அட்டை போட்டு முதுகுல நம்பர் ஒட்டி, உள்ள யானைக் கதையா பேய்க் கதையான்னு எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? கியூர்பிப் பக்கம்னா கேக்கவே வேணாம், அந்த ஊர் மழைக்கு பூட்டின அலமாரியத் தொறந்தா பூஞ்சை வாடைதான் முதல்ல வரும்.

1998ல நம்ம மொரீசியஸ் ரூபா நோட்டுல தமிழ இந்திக்குக் கீழ எறக்கிட்டாங்கன்னு கொந்தளிச்சு, அடிச்ச நோட்டையே திரும்ப வாங்க வச்ச ஜனம் நாம. அந்த ரோஷத்துல கால்வாசி இந்த அலமாரி மேல வந்தா போதும்.

அடுத்தது இதவிடப் பெரிய பிரச்சினை. வீட்ல பேசுறது கிரியோல் மொழி, பாடம் இங்கிலீஷ்லயும் பிரெஞ்சுலயும், தமிழ் அதுக்குன்னு ஒதுக்கின பீரியட்ல மட்டும். அந்தப் பிள்ளை கையில தமிழ்நாட்டுல வீட்லயும் தெருவுலயும் தமிழ் பேசி வளர்ற பிள்ளைக்கு எழுதின புத்தகத்தக் குடுத்தா எப்படி வாசிக்கும், பொடி எழுத்து, நாலு வார்த்தைய ஒட்டி ரயில் மாதிரி நீட்டிருப்பாங்க, எழுத்துக்கூட்டி கடைசிப் பெட்டிக்கு வர்றதுக்குள்ள இன்ஜின் மறந்துபோயிருக்கும். சரின்னு லேசான புத்தகத்துக்குப் போனா "இது பந்து, அது பூனை". பத்து வயசுப் பையனுக்கு அது அவமானம்ங்க. அவனுக்கு பேய் வேணும், ஃபுட்பால் வேணும், வாத்தியார் வழுக்கி விழுற ஜோக் வேணும், ஆனா வரி மட்டும் சின்னதா இருக்கணும். அதனாலதான் நான் காமிக்ஸ் பக்கம். பலூனுக்குள்ள ரெண்டு வரி பேச்சுத் தமிழ், மீதிய படம் பாத்துக்கும்.

புத்தகம் கிடைக்கலன்னு சொல்லாதீங்க. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் வெப்சைட்ல தமிழ்க் கதைங்க இலவசமா இருக்கு, நாலு படியா பிரிச்சிருக்காங்க, முதல் படி 250 வார்த்தைக்குள்ள முடிஞ்சிரும். கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ங்கறதால எழுதினவர், வரைஞ்சவர் பேரப் போட்டு நாமளே பிரிண்ட் எடுக்கலாம், தமிழ் வரிக்குக் கீழ கிரியோலோ பிரெஞ்சோ சேத்துக்கலாம். சென்னை துளிகா பதிப்பகத்துக்காரங்க ரொம்ப நாளா தமிழும் இங்கிலீஷும் ஒரே பக்கத்துல போட்டுத்தான் விக்கறாங்க. கிரியோல் சேத்தா தமிழ் கெட்டுப்போகும்னு சில பெரியவங்க சண்டைக்கு வருவாங்க, வரட்டும். புரியாம மூணு வருஷம் உரக்க ஒப்பிச்சு என்ன வளந்துச்சுன்னு நான் கேப்பேன்.

இன்னொண்ணு, பிள்ளைங்களே செஞ்ச புத்தகம். வாழை இலையில செத் காரி, அதான் நம்ம ஏழு கறி, பரிமாறுறது, காவடிக்கு பூ கட்டுறது, பாட்டி திட்டுறது, இதையெல்லாம் நாலு தாள்ல வரைஞ்சு பக்கத்துக்கு ஒரு வரி எழுதி ஸ்டேப்லர் அடிச்சு அதையும் லைப்ரரி ரெஜிஸ்டர்ல ஏத்துங்க. பக்கத்து கிளாஸ் பையன் எழுதினதுன்னா அடிச்சுக்கிட்டு வந்து வாங்குறாங்க, எழுத்துப் பிழையக் கண்டுபிடிக்கறதுக்காவது வாசிப்பாங்க!

வாசிச்சு முடிச்ச கையோட "இந்தக் கதையின் நீதி என்ன"ன்னு கேக்கறத தயவுசெஞ்சு விட்டுருங்க. பரீட்சைக்கு அது தனியா இருக்கு.

கிழிச்சிடுவாங்களேன்னு ஒரு பயம் எல்லா ஸ்கூல்லயும் இருக்கு. கிழியட்டுமே, டேப் ஒட்டிக்கலாம். நூலகவியல் மேதை, நம்ம சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931லயே புத்தகம் பயன்படுத்தத்தான்னு முதல் விதியா எழுதி வச்சுட்டாரு, நாம இன்னும் சாவிய தலைமை ஆசிரியர் டிராயர்ல வச்சிருக்கோம்.

தமிழ்ச் சங்கத்துக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. வருஷக் கடைசி பரிசுக்கு தடி தடியா ஒரு புத்தகம் வாங்குற காசுல ஒல்லியா அஞ்சாறு வாங்கலாம். போட்டோவுல பெருசாத் தெரியாதுதான். வாங்கப் போகும்போது ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போங்க, அவங்க எடுக்கறத நீங்க மாத்தி வைக்காதீங்க.