சவுக்கு போட்டவங்களே, சான்றிதழ் யார் பேர்ல இருக்குன்னு கேளுங்க

"எஃப்.எஸ்.சி. சான்றிதழ் வாங்கினா டன்னுக்கு எவ்வளவு கூடக் கிடைக்கும்?" சவுக்கு, தைலமரம் போட்டவங்க முதல்ல கேக்கறது இதுதான். காட்டுக்கும் வேலையாளுக்கும் கெடுதல் இல்லாம வளர்த்த மரம்னு சொல்ற உலகளாவிய சான்றிதழ் அது. கூட இவ்வளவுன்னு யாரும் நிர்ணயிக்கல. 1993ல தொடங்கின எஃப்.எஸ்.சி.யும் சரி, 1999ல வந்த, அதே மாதிரிச் சான்றிதழான பி.இ.எஃப்.சி.யும் சரி, விலைக்கு உத்தரவாதம் தர்றதில்ல. மரம் வாங்கற காகித ஆலை மனசு வெச்சாத்தான் உண்டு.

ஆனாலும் வாங்கலாம்னுதான் சொல்வேன், பல விவசாயிகள் சேர்ந்து குழுவா. சான்றிதழ் 5 வருஷத்துக்கு. வருஷா வருஷம் தணிக்கை. ரெண்டு ஏக்கர்காரருக்குத் தனியா அது கட்டுப்படியாகாது.

குழுவை நடத்துறவர் பேர்லதான் சான்றிதழ் இருக்கும். ஆலையே நடத்தினா செலவு பெரும்பாலும் அவங்களோடது, சந்தோஷம். ஆனா அதே கட்டையை வேற ஆலைக்குக் கொடுத்தா, குழு விதி இடம் தராதவரைக்கும் அது வெறும் கட்டைதான். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பேர்ல இருந்தா நாலு இடத்துல விலை கேக்கலாம். என் ஓட்டு இதுக்குத்தான்.

கோட்டை விடறது பெரும்பாலும் லாரியில. வெட்டி ஏத்தும்போது கடைசி லோடு பாதியில நிக்கும். ஏஜென்ட் சான்றிதழ் இல்லாத பக்கத்துத் தோட்டத்துக் கட்டையை மேல போட்டு நிரப்புவார். கலந்த அந்த லோடை 'எஃப்.எஸ்.சி. 100%'னு, அதாவது முழுக்கச் சான்றிதழ் உள்ள தோட்டத்து மரம்னு, விக்கவே முடியாது. எடைச்சீட்டுல சர்வே எண், பில்லுல சான்றிதழ் எண், 'எஃப்.எஸ்.சி. 100%'ங்கற வாசகம்: இதுல ஒண்ணு விட்டுப்போனாலும், மரம் எந்தத் தோட்டத்துலருந்து வந்ததுன்னு காட்டுற சங்கிலி அறுந்துடும்.

அடுத்தது பட்டா. தாத்தா பேர்லயே கிடந்தா தணிக்கையில கேள்வி வரும். இந்தச் சாக்குலயாவது பெயர் மாற்றம் நடந்தா அதுவே பெரிய லாபம்!

பட்டை துளைக்கிற புழுவுக்கு என்ன மருந்து, எந்தத் தேதி, எவ்வளவுன்னு நோட்டுல இருக்கணும். காலி டப்பா போர்வெல் ஓரமா கிடந்தா அதுவும் குறைதான். சின்னக் குறையைச் சரிசெய்ய ஒரு வருஷம், பெரிய குறைக்கு 3 மாசம். தணிக்கையாளர் எல்லாத் தோட்டத்துக்கும் வரமாட்டார், சிலதைத்தான் பார்ப்பார். அங்க மாட்டினா சிக்கல் மொத்தக் குழுவுக்கும்.

ஊருக்கு என்ன லாபம்? வெட்டுக்கூலிக்கு வர்றவங்க காலைப் பாருங்க. ரப்பர் செருப்போட செயின்சா பிடிக்கிறாங்க. சான்றிதழ் உள்ள தோட்டத்துல தலைக்கவசம், கண்ணுக்குத் தடுப்பு, பூட்ஸ், முதலுதவிப் பெட்டி இருந்தே ஆகணும். சின்னப் பசங்களை வேலைக்கு வெக்கக் கூடாது. ஓடைக்கரையை விட்டுத்தான் நடணும், அங்க நிக்கிற புங்கனையும் மருதையும் தொடக் கூடாது. கரை நிக்கறதே அதுங்க வேராலதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தோட காடழிப்புத் தடைச் சட்டப்படி, 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழிச்ச நிலத்து மரம் அங்க நுழையக் கூடாது. மரம் வளர்ந்த இடத்தோட புவியிடக் குறியீடும் வேணும். சான்றிதழ் மட்டும் அதுக்குப் போதாது. ஆனா குழு எடுத்து வெச்சிருக்கற ஜி.பி.எஸ். வரைபடம் அங்கயும் உதவும்.

சேர்ற படிவத்துல விலகல் விதின்னு ஒரு பத்தி இருக்கும். அதைப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க.