முதுகில் போட்ட ஸ்குரூ துருப்பிடிக்காது
தம்பி, “முதுகெலும்பு ஸ்குரூ மலைக் குளிருக்குத் துருப்பிடிக்கும், வருசத்தில கழட்டணும்” என்று நீங்கள் எழுதியது தவறு. முதுகு ஒப்பரேஷனில் போடும் அந்த ஸ்குரூ பெரும்பாலும் டைட்டேனிய உலோகக் கலவை, துருப்பிடிக்காது. நுவரெலியாக் குளிரும் உடம்புக்குள்ளே எட்டாது, அங்கே எப்போதும் 37 பாகைதான். முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டும்வரை ஸ்குரூவும் கம்பியும் அவற்றை அசையாமல் பிடித்திருக்கும். ஒட்டுவதற்கு ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருசத்துக்கு மேலும் ஆகும். பிறகு பாரத்தை எலும்பே தாங்கும். கிருமித்தொற்று, ஸ்குரூ தளர்வது மாதிரிக் காரணம் இல்லாமல் கழட்டுவதில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் பொதுவாக எடுக்கலாம், ஸ்குரூ இருப்பதை முன்கூட்டியே சொன்னால் சரி.

என் அம்மா 30 வருசம் தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக்கூடை சுமந்தவர். தன் முதுகு ஸ்குரூவைப் பற்றி இதே பேச்சைக் கேட்டுப் பயந்து, கிளினிக் கொப்பியைத் தலையணைக்கடியில் ஒளித்துவிட்டு இரண்டு தவணை போகவே இல்லை. தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்துங்கள்.