பெரிய இடத்துப் பாக்கியை வசூலித்துவிட்டு எங்களிடம் வாருங்கள்

வாட் வரியை உயர்த்தும் திட்டத்தை 2025 ஏப்ரலில் தென்னாப்பிரிக்க அரசு கைவிட்டபோது டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த்தில் எல்லாருக்கும் நிம்மதி. எனக்குக் கோபம்தான் அதிகம். 2018இல் 14 சதவீதத்தை 15 ஆக்கினார்களே, அதற்கு யார் பொறுப்பு என்று இன்றுவரை யாராவது நமக்குச் சொன்னார்களா?

அந்த பட்ஜெட்டில் வரி வசூல் எதிர்பார்த்ததைவிட 4,820 கோடி ரான்ட் குறைந்திருந்தது. பொருளாதாரம் மந்தமாக இருந்தது உண்மைதான். ஆனால் அதே ஆண்டு, வருவாய்த்துறையை விசாரித்த நீதிபதி நியூஜென்ட் ஆணையம் என்ன சொன்னது? டாம் மொயானே வருவாய்த்துறை ஆணையராக இருந்தபோது, பெரிய கம்பெனிகளின் கணக்கைப் பார்க்கும் பிரிவையே அங்கே கலைத்துவிட்டார்கள். அனுபவசாலிகள் வெளியேறினார்கள். டர்பனில் வளர்ந்த நம் இவான் பிள்ளையும் அவர்களில் ஒருவர். துறையை மாற்றியமைக்க ஆலோசனை சொன்ன பெயின் நிறுவனம் வாங்கிய கட்டணத்தை வட்டியோடு திருப்பித் தந்தது. மொயானேயின் பதவி போனது. நம் தலையில் ஏறிய ஒரு சதவீதம் இறங்கவே இல்லை.

கடை ரசீதை எடுத்துப் பாருங்கள். அரிசி, பருப்பு, முட்டைக்கு வாட் கிடையாது, சரி. கோழி, மசாலாத்தூள், சோப்பு எல்லாவற்றுக்கும் 15 சதவீதம். முதியோர் உதவித்தொகையில் காலம் தள்ளும் பாட்டியிடம் அது கல்லாவிலேயே வசூலாகிவிடுகிறது. சம்பளக்காரருக்கோ பணம் கைக்கு வருமுன்பே பிடித்தம். வருமான வரி ரிட்டர்ன் போடாவிட்டால் மாதத்துக்கு 250 ரான்டிலிருந்து அபராதம்.

இப்போது வங்கிப் பக்கம் வாருங்கள். சாஸ்ஃபின் வங்கியிடம் வருவாய்த்துறை 487 கோடி ரான்ட் கேட்டு வழக்குப் போட்டிருப்பது 2024 ஜனவரியில் வெளியே தெரிந்தது. வங்கியின் பழைய வாடிக்கையாளர்கள் சிலர் வரி கட்டாமல் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள், ஊழியர்கள் சிலர் உடந்தை என்பது குற்றச்சாட்டு. வங்கி அதை மறுத்தது. வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் வங்கி வழியாக எல்லை தாண்டும் பணத்தின் விவரம் தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கிக்குப் போயாக வேண்டும். குற்றச்சாட்டு உண்மையானால், கண்காணிக்க வேண்டியவர்கள் அத்தனை நாளும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

2019இல் எட்வர்ட் கீஸ்வெட்டர் ஆணையராக வந்தபின் வருவாய்த்துறை நிமிர ஆரம்பித்தது, மறுக்கவில்லை. அது போதாது. வாட் பேச்சை மறுபடி எடுக்குமுன், அன்று கோட்டைவிட்ட வரியில் எவ்வளவு திரும்ப வந்தது, எத்தனை வங்கி அதிகாரிகள் மீது வழக்கு நடக்கிறது என்று நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் கணக்குக் காட்டட்டும். காவடித் திருவிழாவுக்கு மாலை போட்டுக்கொள்ள வரும் எம்.பி.க்களிடம் இதை நேராகவே கேளுங்கள்.