காட் என்றால் படித்துறை

சென்ற ஞாயிறு காலை என் பேத்தியை அழைத்துக்கொண்டு பினாங்கின் ஜார்ஜ் டவுன் கடலோரம்வரை நடந்தேன். லிட்டில் இந்தியாவில் பசியாறிவிட்டு, லெபோ சூலியா (லெபோ என்றால் மலாயில் தெரு) வழியாக இறங்கி, லெபோ பந்தாயைக் கடந்ததும், தெருப்பலகையில் பெயருக்கு முன்னால் ஒரு சொல் கூடியிருப்பதை அவள் பார்த்துவிட்டாள். "தாத்தா, இவ்வளவு நேரம் லெபோ சூலியான்னுதானே இருந்துச்சு? இங்க மட்டும் ஏன் காட் லெபோ சூலியான்னு போட்டிருக்காங்க?" என்று கேட்டாள். அறுபது ஆண்டுகளாக அந்தப் பலகையைக் கடந்து போய்வருகிற எனக்கு விடை தெரியும். ஆனால் அதைச் சொல்ல அங்கே ஒரு பலகையும் இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. இந்தப் பதிவு அதைப் பற்றியதுதான்.

காட் என்பது வட இந்தியச் சொல். காசியில் கங்கைக்கு இறங்கும் படிகளை எந்தச் சொல்லால் குறிக்கிறார்களோ, அதே சொல்தான் வங்காள விரிகுடாவைக் கடந்து வந்து பினாங்கில் தெருப்பெயராகிவிட்டது. தமிழில் நாம் படித்துறை என்போம். பந்தாய் என்றால் மலாயில் கடற்கரை என்பது நம் அனைவருக்கும் தெரியும். ஆனால் லெபோ பந்தாயில் நின்றால் கடல் கண்ணில் படாது. 1880கள் வரை அந்தத் தெருவின் கிழக்கு வரிசைக் கட்டடங்களின் பின்புறம்தான் கடலாக இருந்தது. வணிகர்களின் கிடங்குகள் தெருவுக்கு முகத்தையும் தண்ணீருக்கு முதுகையும் காட்டிக்கொண்டு நின்றன. குறுக்குத் தெருக்கள் ஒவ்வொன்றும் கடலில் போய் முடிகிற இடத்தில் ஓர் இறங்குதுறை இருந்தது. அதன் பிறகு கரையோரம் தூர்க்கப்பட்டு, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த ஃபிரெடெரிக் வெல்டின் பெயரில் பெங்காலான் வெல்ட், அதாவது வெல்ட் கரை, உருவானது. தூர்த்த மண்ணின்மேல் அந்தக் குறுக்குத் தெருக்களும் நீண்டன. நீண்ட பகுதிக்கு மட்டும் காட் என்ற பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. காட் லெபோ பசார், காட் லெபோ ஆர்மீனியன், காட் லெபோ கெரெஜா என்று எந்தப் பலகையைப் பார்த்தாலும், அதைத் தாண்டி எடுத்துவைக்கும் அடி ஒரு காலத்துக் கடலின்மேல்தான் படுகிறது.

என் குறை இதுதான். பினாங்குக் கடலோரத்தின் கட்டடக்கலை என்றால் எல்லோரும் வெள்ளைச் சுண்ணம் பூசிய முகப்புகளைத்தான் காட்டுகிறார்கள். கரை எங்கே இருந்தது, கப்பலிலிருந்து வந்தவன் எந்தப் படியில் காலை வைத்தான், அந்தச் சுவரை யார் எழுப்பினார்கள் என்ற கேள்விகளுக்கு அந்த முகப்புகளிடம் விடையில்லை.

முகப்புகளை நான் குறைத்துப் பேசவில்லை. பாடாங் கோத்தா லாமாவின் புல்வெளி ஓரத்தில், 1880இல் திறக்கப்பட்ட டவுன் ஹாலும் 1903இல் எழுந்த சிட்டி ஹாலும் அடுத்தடுத்து நிற்கும் அழகை மாலை வெயிலில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சிட்டி ஹாலின் உயரமான வளைவுச் சன்னல்களும் தூண் வரிசைகளும் ஆங்கிலேயரின் பெருமிதத்தைக் காட்டக் கட்டப்பட்டவை என்றாலும், அகன்ற தாழ்வாரமும் உயர்ந்த கூரையும் இந்த ஊரின் புழுக்கத்தை அறிந்தவர்கள் வைத்தவை. கொஞ்சம் தள்ளி, விக்டோரியா அரசியாரின் அறுபதாம் ஆட்சியாண்டை முன்னிட்டுச் செல்வந்தர் சியா சென் இயோக் வழங்கிய மணிக்கூண்டு இருக்கிறது. ஆண்டுக்கு ஓரடி என்று அறுபது அடி உயரம். அரசியாரோ 1901இல் மறைந்துவிட்டார். மணிக்கூண்டு முடிந்தது 1902இல்தான். இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளின் அதிர்வில் அது சற்றே சாய்ந்தது. சாய்வைக் கண்டுபிடிக்கச் சாலையின் எதிர்ப்புறம் நின்று ஒரு விளக்குக் கம்பத்தோடு ஒப்பிட வேண்டும். பேத்தி அதை என்னைவிட விரைவாகக் கண்டுபிடித்தாள்.

வெல்ட் கரையில் இன்று சுங்கத்துறை இருக்கும் மணிக்கோபுரக் கட்டடம், கூட்டரசு மலாய் மாநில இரயில்வேக்காக 1907இல் கட்டப்பட்டது. தண்டவாளமே இல்லாத இரயில் நிலையம் என்று அதை வேடிக்கையாகச் சொல்வார்கள். சீட்டை இங்கே வாங்கிக்கொண்டு, படகில் அக்கரைக்குப் போய் இரயிலேற வேண்டும்.

கோட்டைக்கு வருவோம். 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியபோது கோர்ன்வாலிஸ் கோட்டை நிபோங் மரக்கம்புகளால் ஆன வேலியாகத்தான் இருந்தது. பீரங்கியில் வெள்ளிக்காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டு, காசு பொறுக்கும் ஆசையில் ஆட்களைக் காடு வெட்ட வைத்தார் என்ற கதையை ஒவ்வொரு சுற்றுலா வழிகாட்டியும் சொல்லிவிடுகிறார். அந்த வேலியை இன்று நாம் காணும் செங்கல் சுவராக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியதில் இந்தியக் கைதிகளின் உழைப்பு இருக்கிறது என்பதைச் சொல்பவர் அபூர்வம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து நாடு கடத்தி இங்கே கொண்டுவந்த மனிதர்கள் அவர்கள். சாலை போட்டதும் காடழித்ததும் மட்டுமல்ல, 1818இல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் அவர்கள் கைவேலைதான்.

சுவரைப் பற்றிப் பேசும்போது சுண்ணாம்பைப் பற்றிப் பேசாமல் முடியாது. ஆங்கிலேயர் தம் ஏடுகளில் சுனாம் என்று எழுதிவைத்த பூச்சு, நம் சுண்ணாம்போடு உறவுள்ள சொல். அதன் மெருகேற்றிய வகையை மெட்ராஸ் சுனாம் என்றே அழைத்தார்கள். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டிய இந்தியக் கைதிகள், சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரைக் கலந்து பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகிட்டார்கள் என்ற செய்முறை பதிவாகியிருக்கிறது. நம் ஊர்க் கொத்தனார்கள் இதைக் கேட்டால் வியக்கமாட்டார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்களும் வியக்கமாட்டார்கள்.

இந்தப் பூச்சின் அருமையை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. என் அத்தை குடும்பம் கடலோரத்தை ஒட்டிய ஒரு பழைய கடைவீட்டில் நீண்ட காலம் வாடகைக்கு இருந்தது. கீழ்ச்சுவரில் பூச்சு உதிர்கிறது என்று வீட்டுக்காரர் ஆள் வைத்துப் பழைய சுண்ணாம்பை எல்லாம் கொத்தி எடுத்துவிட்டு, இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் பூசி, அதன்மேல் பளபளப்பான சாயமும் அடித்துக் கொடுத்தார். மூன்று மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. சிமெண்டுக்கு மேலே, அத்தை சாமி படம் மாட்டியிருந்த உயரத்தில், சுவர் கொப்பளித்தது. கொப்புளத்தை நகத்தால் கீறினால் உள்ளே பூனை மயிர்போல வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். நாக்கில் வைத்தால் கரிக்கும். பழைய செங்கல் மென்மையானது. தரையிலிருந்து ஏறும் ஈரமும் கடற்காற்று கொண்டுவரும் உப்பும் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிவிடும்; உதிர்வது பூச்சுதான், அதை மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரம் மேலே ஏறி, உப்பு செங்கலுக்குள்ளேயே படிகமாகி, செங்கல்லையே பொடியாக்கும். "வீடு மூச்சு விட முடியாம தவிக்குதுடா" என்பார் அத்தை. பொறியாளர்கள் இதைவிடத் தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆகவே, பழைய கட்டடத்துக்குப் புதிதாகச் சாயம் அடித்திருக்கிறார்கள் என்று யாராவது மகிழ்ந்து படம் போட்டால், எனக்கு அடியில் என்ன பூசியிருக்கிறார்கள் என்ற கவலைதான் முதலில் வருகிறது. நகரம் மலாக்காவோடு சேர்ந்து 2008 ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு முறையான சீரமைப்புகள் பல நடந்திருக்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. காய்ச்சல் பரவுகிறது என்று 1920களில் தூர்க்கப்பட்ட கோட்டை அகழியை அண்மை ஆண்டுகளில் மீண்டும் தோண்டி எடுத்தது, என் கணக்கில், இந்தக் கடலோரத்தில் நடந்த மிக நல்ல வேலை. கோட்டை நிலத்தில் முளைத்த கட்டடமன்று, நீரை நம்பி எழுந்த கட்டடம் என்பதை அகழி பார்த்த கணத்தில் சொல்லிவிடுகிறது.

நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் கேட்டார்: "வெள்ளைக்காரன் நம்மை அடிமையாக வைத்திருந்த காலத்துக் கட்டடங்களை நாம் ஏன் ஐயா தூக்கிப் பிடிக்க வேண்டும்?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவற்றை வெள்ளைக்காரனுடையவை என்று எழுதிக்கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டால், சுமந்தவர்களும் பூசியவர்களும் இரண்டாம் முறையும் பெயரில்லாமல் போவார்கள். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்த என் தாத்தா, இந்தக் கடலோரத்தில்தான் தொங்காங்கு என்னும் சரக்குப் படகுகளிலிருந்து மூட்டை இறக்கினார். அவருக்கு அது வேலை செய்த இடம். கட்டடக்கலை பார்க்க அவருக்கு ஓய்வு இருந்திருக்காது.

வெல்ட் கரையிலேயே சீனக் குலத்தவரின் படகுத்துறைக் குடியிருப்புகள் இருக்கின்றன. கடலுக்குள் கம்பங்களை நட்டு, பலகை பரப்பி, அதன்மேல் வீடும் கோயிலுமாக வாழ்கிறார்கள். கரையை மண் போட்டுத் தள்ளாமல் கடல்மேல் ஏறி நின்ற கட்டடக்கலை அது. அந்தப் பலகைப் பாதைதான் நம் ஊரின் உண்மையான கடலோர நடைபாதை. அங்கே எந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைச் அந்தக் குடியிருப்புகளில் ஒன்றான சியூ ஜெட்டியின் பிள்ளைகள் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டே நடக்கிறார்கள். நாமோ பாடாங்கில் பசெம்பூர் சாப்பிட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். (பசெம்பூரைக் குறை சொல்லவில்லை, நானும் அன்று சாப்பிட்டேன்.)

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமன்று. லெபோ பந்தாயில் ஒவ்வொரு காட் தொடங்கும் இடத்திலும், நடைபாதையின் குறுக்கே பழைய கரைக்கோட்டைக் கருங்கல் வரியாகப் பதிக்கலாம். அதன் பக்கத்தில் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கிலும் இரண்டே வரி போதும்: இங்கே கடல் இருந்தது, காட் என்றால் படித்துறை. தமிழ் வரியை அச்சடிக்கும் முன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள் என்பது மட்டும் என் கூடுதல் வேண்டுகோள். நம் சங்கங்களும் முன்னாள் மாணவர் அமைப்புகளும் தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலுக்குச் சேர்க்கிற நன்கொடையில் ஒரு சிறு பங்கு இதற்கு ஒதுக்கினால், நகராண்மைக்கு முறையாக மனு எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். விரும்புகிறவர்கள் உட்பெட்டியில் எழுதலாம்.

அன்று விளக்கத்தைக் கேட்டு முடித்த பேத்தி, பெருந்தெருவின் நடுக்கோட்டைப் பார்த்து, கடைகளின் முன்னுள்ள நடைபாதையான அஞ்சடியின் விளிம்பில் நின்று செருப்பைக் கழற்றினாள். "என்னம்மா?" என்றேன். "இதுக்கு அப்புறம் தண்ணிதானே தாத்தா?" என்றாள். பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரர் ஒலியெழுப்பிக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனார்.