எட்டோவின் ஆட்டப் புத்தியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்

ஆப்பிரிக்க வீரர் ஒருவர் ஐரோப்பாவில் நன்றாக ஆடும்போது வர்ணனையாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? வேகம், பலம், என்ன உடம்பு, என்ன ஸ்டாமினா. அதே ஆட்டத்தை ஒரு ஸ்பெயின்காரர் ஆடினால் 'ஆட்டத்தை என்னமாய்ப் புரிந்து வைத்திருக்கிறார்' என்று பேச்சு மாறிவிடும். நம் நண்பர்கள் வட்டத்தில் நடக்கும் கால்பந்து அரட்டையிலும் இதுதான் நிலைமை. எனக்கு இது வெகுநாள் ஆதங்கம். கேமரூன் வீரர் சாமுவேல் எட்டோ என்று வந்தால் ஆதங்கம் கோபமாகிவிடும்.

அவர் காலத்து ஸ்ட்ரைக்கர்களில், அதாவது முன்னால் நின்று கோல் அடிப்பவர்களில், ஆட்டத்தை அவரளவுக்குப் படித்தவர் இல்லை என்பேன். கோல் கணக்கை வைத்துச் சொல்லவில்லை. தனக்குப் பிடித்த இடத்தை விட்டுக்கொடுத்து அவர் ஆடிய ஆட்டங்களை வைத்துச் சொல்கிறேன்.

கேமரூனின் துவாலா நகரத்தில் நியூ பெல் பகுதியில் வளர்ந்த பையன். காஜி அகாடமியில் ஆட்டம் கற்றார். 16 வயதில் ரியல் மாட்ரிட் எடுத்துக்கொண்டது. ஆனால் ரியலின் பி அணி, அதாவது இரண்டாம் அணி, அப்போது மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர் அந்த டிவிஷனில் ஆட முடியாது என்பது விதி. அதனால் 1997 இல் லெகானஸ் கிளப்புக்கு லோன், அதாவது தற்காலிகமாக ஆட அனுப்பினார்கள். அப்புறம் எஸ்பான்யோல், அதன்பின் மயோர்க்கா. 2000 இல் மயோர்க்கா அவரை வாங்கியது. 2003 இல் ஸ்பெயின் மன்னர் கோப்பை இறுதிப் போட்டியில் அந்தச் சிறிய கிளப் 3-0 என்று வென்றபோது இரண்டு கோல் எட்டோ அடித்தது.

2004 இல் திரும்பவும் அதே பாஸ்போர்ட் சிக்கல். அவருடைய உரிமையில் பாதி அப்போதும் ரியலிடம்தான் இருந்தது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள வீரர்களுக்கான இடங்கள் ரியலில் ஏற்கெனவே நிரம்பிவிட்டன. 2.4 கோடி யூரோ கொடுத்து பார்சிலோனா அவரைத் தூக்கிக்கொண்டு போனது. ஒரு ஆப்பிரிக்க வீரரின் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பும் என்பதைத் திறமையைவிட இந்த இட ஒதுக்கீட்டுக் கணக்கு எத்தனை முறை முடிவு செய்திருக்கிறது என்பதைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும்.

பார்சிலோனாவில் அவரை அறிமுகப்படுத்திய நாளில், வெள்ளைக்காரனைப் போல வாழ்வதற்காகக் கறுப்பனைப் போல ஓடுவேன் என்றார். பலரும் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் வேடிக்கையே தெரியவில்லை. 23 வயதுப் பையன் ஐரோப்பாவோடு தனக்கு இருக்கும் ஒப்பந்தத்தின் ஷரத்துகளை ஒளிவுமறைவில்லாமல் படித்துக் காட்டிய மாதிரி இருந்தது.

அந்த ஒப்பந்தத்தின் கொடூரமான பக்கம் 2006 பிப்ரவரியில் சரகோசா மைதானத்தில் தெரிந்தது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. கேலரியிலிருந்து குரங்குக் கூச்சல். எட்டோ போதும் என்று வெளியே நடக்க ஆரம்பித்தார். சக வீரர்கள் ஓடி வந்தார்கள், நடுவர் வந்தார், கோச் ரைகார்ட் வந்தார். எல்லோரும் சேர்ந்து அவரைத்தான் சமாதானப்படுத்தினார்கள். கூச்சல் போட்டவர்கள் சவுகரியமாக உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்த எட்டோ, சக வீரர் லார்சன் அடித்த கோலுக்குப் பந்தும் கொடுத்தார். பார்சிலோனா 2-0 என்று ஜெயித்தது. சரகோசா கிளப்புக்கு விதித்த அபராதம் வெறும் 9,000 யூரோ. தன் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப் போவதில்லை என்று பிற்பாடு எட்டோ சொன்னார். அந்த மாலை அவர் அப்படியே நடந்து வெளியேறியிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆட்டம் நின்றிருக்கும். ஸ்பெயின் கால்பந்து பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை வந்திருக்கும்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். 2008 இல் கோச்சாக வந்த குவார்டியோலா, தன் முதல் பேட்டியிலேயே ரொனால்டினியோ, டெக்கோ, எட்டோ மூவரும் தன் திட்டத்தில் இல்லை என்று அறிவித்துவிட்டார். மற்ற இருவரும் கிளம்பினார்கள். எட்டோ இருந்தார். அந்த சீசன் லீக்கில் மட்டும் 30 கோல். அதற்கு நடுவில்தான் மெஸ்ஸியை நடுவில் நிறுத்தும் யோசனை வந்தது. 2009 மே மாதம் ரியலை அவர்கள் ஊரிலேயே 6-2 என்று துவைத்த ஆட்டத்தில் நடுவில் மெஸ்ஸி, வலது ஓரத்தில் எட்டோ. அந்த ஏற்பாட்டை இன்றைக்கும் பாடம் மாதிரி அலசுகிறார்கள். லீக்கில் 30 கோல் அடித்த சென்டர் ஃபார்வர்ட் ஒருவர் முகம் சுளிக்காமல் ஓரத்துக்குப் போனதால்தானே அது நடந்தது? அந்தப் பாதியை மட்டும் யாரும் பேசுவதில்லை.

அதே மாதம் ரோமில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. முதல் பத்து நிமிடம் மான்செஸ்டர் யுனைடெட் போட்டு அழுத்தியது. அப்புறம் பார்சிலோனாவின் இனியெஸ்டா நடுவில் பந்தோடு ஓடி வந்து வலப்பக்கம் தள்ளினார். வாங்கிய எட்டோ, யுனைடெட் டிஃபெண்டர் விடிச்சை உள்பக்கமாக வெட்டித் தாண்டி, கேரிக் காலை நீட்டி விழுவதற்குள், வலதுகால் நுனியால் ஒரு தட்டு. கோல்கீப்பர் வான் டெர் சார் இறங்குவதற்குள் பந்து உள்ளே. ஓங்கி அடிக்கவே இல்லை. ஓங்கி அடிக்க நேரமில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வேகமும் பலமும் அந்த கோலில் எங்கே இருக்கின்றன?

அந்த ஆண்டு பார்சிலோனாவுக்கு லீக், உள்நாட்டுக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் என்று மூன்று கோப்பைகள். பரிசாக எட்டோவுக்குக் கிடைத்தது வெளியே போகும் வழி. அவரையும் கொடுத்து, கூடவே 4.6 கோடி யூரோவையும் இன்டர் மிலானுக்குக் கொடுத்து இப்ராஹிமோவிச்சை வாங்கினார்கள். இப்ராஹிமோவிச் அங்கே நிலைத்தது ஒரே சீசன்.

இன்டரில் கோச் மொரினியோ அவரை ஓரத்தில் நிறுத்தினார், எதிரணி டிஃபெண்டர் மேலே ஏறினால் கூடவே இறங்கி வரவும் சொன்னார். 2010 ஏப்ரல் 28, பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானத்தில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். முதல் ஆட்டத்தை இன்டர் 3-1 என்று ஜெயித்திருந்தது. 28ஆம் நிமிடத்தில் தியாகோ மோட்டாவுக்கு ரெட் கார்டு. மிச்சமுள்ள ஒரு மணி நேரம் பத்துப் பேர். அதுவும் அந்தப் பார்சிலோனாவுக்கு எதிராக. எட்டோ தன் பெனால்டி பாக்ஸ் ஓரத்துக்கு இறங்கி ஃபுல்பேக்காகவே, அதாவது ஓரத்து டிஃபெண்டராகவே, மாறிவிட்டார். ஓடுவது அவ்வளவு பெரிய காரியமில்லை, யாரும் ஓடலாம். அவர் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பந்து நடுவில் இருக்கும்போது இரண்டடி உள்ளே வருகிறார், ஓரத்துக்குப் போகும் பாஸ் கிளம்பும் முன்பே வெளியே நகர்கிறார். சாவியும் மெஸ்ஸியும் எங்கே பந்து தருவார்கள் என்று அவர்களோடு ஐந்தாண்டு ஆடியவருக்குத் தெரியும். ஆட்டம் 1-0 என்று முடிந்தது, மொத்தக் கணக்கில் இன்டர் 3-2. மே 22 அன்று மாட்ரிட்டில் பயர்னை வென்று கோப்பையும் வாங்கினார்கள். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள், வெவ்வேறு கிளப்புகளில், அதே மும்மூன்று கோப்பைகள். அவருக்கு முன் யாரும் செய்யாதது.

2011 இல் ரஷ்யாவின் அன்ஷி கிளப்புக்குப் போனதைப் பணத்தாசை என்பார்கள். போகட்டும், அந்தப் பணத்தை அவர் உழைத்துத்தான் சம்பாதித்தார். கேமரூன் கால்பந்து சம்மேளனத் தலைவராக 2021 முதல் அவர் செய்ததையெல்லாம் நான் ஆதரிக்கவில்லை. 2024 இல் தேசிய அணிக் கோச்சோடு கேமரா முன்னால் மல்லுக்கட்டியது தலைவர் பதவிக்கு அழகே இல்லை. ஸ்பெயினில் வரி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் உண்டு. அதற்கெல்லாம் விமர்சனம் வரட்டும், வர வேண்டும். ஆட்டக்காரராக அவருக்குச் சேர வேண்டியதை அதைக் காட்டிப் பிடித்து வைக்கக் கூடாது.

மீண்டும் நடுவில் ஆடவிட்ட 2010-11 சீசனில் இன்டருக்காக மொத்தம் 37 கோல் அடித்தார். இத்தாலியக் கோப்பை இறுதியில் பலெர்மோவுக்கு எதிரான மூன்று கோலில் இரண்டு அவருடையது. ஆனால் அந்த கோல்களின் தொகுப்பை இங்கே போடப் போவதில்லை. நேரம் கிடைத்தால் கேம்ப் நோ ஆட்டத்தை 28ஆம் நிமிடத்திலிருந்து பாருங்கள். பந்தை விட்டுவிட்டு, இன்டரின் 9ஆம் எண்ணை மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு என்னோடு சண்டை போட வேண்டுமென்றால் கமெண்டில் வாருங்கள், பேசலாம்.